டேஷ்போர்டில் ஒரு பொட்டு

பாலக்கரை பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிக் கொடுப்பவர் அழகிரி. ஊரார் வீட்டுச் சுவருக்கெல்லாம் யோசனை சொல்லுவார். பிரஷ்ஷை மட்டும் கையால் தொட்டதில்லை.

அவருடைய பழைய காரின் டேஷ்போர்டில் தேக்கு மாதிரித் தெரியும் பட்டை ஒன்று ஓடும். மரமெல்லாம் இல்லை, பிளாஸ்டிக்கில் ஒட்டிய தாள். அது வெயிலில் உரியத் தொடங்கியதும் அவர் மனைவி மாரியாயி காரில் ஏறுவதை நிறுத்திவிட்டார்.

"ஸ்ரீரங்கத்துல சம்பந்தி வீட்டு வாசல்ல இதுலேர்ந்து இறங்கச் சொல்றீங்களா? நான் பஸ்லயே போறேன்."

அப்படியே போகவும் செய்தார். காவிரிப் பாலத்தில் பஸ் காரை முந்தும்போது ஜன்னலோரம் அவர் தலை தெரியும். அழகிரிக்கு அதுதான் தாங்கவில்லை.

முதலில் அலமாரிக்கு ஒட்டும் ஸ்டிக்கரை ஒட்டிப் பார்த்தார். வெயிலில் அது அப்பளமாகப் பொரிந்தது. பிறகு வீராப்பாகப் பட்டையைக் கழற்றி, சந்தன நிறம் பூசிக் காயவைத்து, அதன் மேல் காப்பி நிறம் பூசி, ஈரத்திலேயே மாரியாயியின் சீப்பைச் சொல்லாமல் எடுத்து இழுத்தார். கோடுகள் படிய வாரிய தலை போல நேராக நின்றன. அழித்து அழித்து இழுத்ததில் கை சோர்ந்து கோடுகள் நெளிந்தன. அப்போதுதான் பட்டையில் மரம் தெரிந்தது.

ஆயுத பூஜையன்று காலையில் வார்னிஷ் அடித்து, பட்டையை மாட்டிவிட்டுப் பூசணிக்காய் வாங்கப் போனார். அடுப்பு, மிக்ஸி, தையல் மெஷின் என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்த மாரியாயி, காருக்குள்ளும் எட்டிப் பட்டையில் ஒன்று வைத்தார். சந்தனமும் குங்குமமும் ஈர வார்னிஷில் அமிழ்ந்து உட்கார்ந்துகொண்டன.

"ஈரமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாங்க?" என்றார், அவர் பூசணிக்காயோடு திரும்பியதும்.

கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காயும்வரை தொடாதீர்கள் என்று ஓதுகிற அழகிரி, வீட்டில் அதைச் சொல்ல மறந்திருந்தார். மறுநாள் ஸ்ரீரங்கம் கிளம்பும் முன் உப்புத்தாளோடு காருக்குள் குனிந்தார்.

"கைய எடுங்க," என்றார் மாரியாயி. "சாமி கும்பிட்டு வச்ச பொட்ட யாராவது சுரண்டுவாங்களா?"

"சம்பந்தியம்மா பாத்தா?"

"நான் வச்சதுன்னு சொல்லிக்கிறேன். தனியா விட்டா நீங்க பாட்டுக்குச் சுரண்டிடுவீங்க, நானும் கூட வரேன்."

முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அழகிரிக்குச் சந்தோஷத்தில் சாவி எங்கே என்றே தெரியவில்லை.

பாலத்தில் பஸ் முந்தியது. பழக்க தோஷத்தில் அழகிரி அதன் ஜன்னல்களைப் பார்த்தார்.

"அங்க என்ன பார்வை?" என்றார் பக்கத்திலிருந்த மாரியாயி. "ரோட்டப் பாத்து ஓட்டுங்க."