இருபத்து நான்காவது மூட்டை

சலவைக்கூடத்தில் மூட்டை கட்டும்போது அம்மா ஒவ்வொரு துணியையும் கட்டைவிரலால் தொட்டு எண்ணுவாள். சீட்டில் இருக்கும் எண்ணும் அவள் எண்ணியதும் ஒன்றானால்தான் முடிச்சுப் போடுவாள். பதினெட்டு வருஷமாக இதே வழக்கம். வீட்டில் மடித்த துணியைக்கூட எண்ணித்தான் அலமாரியில் வைப்பாள். தோழிகள் வந்திருக்கும்போது அந்த முணுமுணுப்பு கேட்டால் மகள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிடுவாள்.

அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் மகள். சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்ததும் அவளுக்குக் கிடைத்த முதல் வேலையே அம்மாவின் சலவைக்கூடத்துக்கு டெலிவரி சீட்டு அச்சடிக்கும் புரோகிராம். "எம் பொண்ணு எழுதினது" என்று இஸ்திரி போடுகிறவர் முதல் வண்டி ஓட்டுகிறவர் வரை அம்மா சொல்லித் தீர்த்தாள். அன்றன்றைய மூட்டைகளை எண்ணி அதில் பதிவதும் அவள் வேலையானது.

இரண்டாம் வாரம் ஒரு மூட்டை போய்ச் சேரவில்லை. மூன்று நாள் கழித்து மேஜைக்கடியில் கிடைத்தது. பிரிண்டரைப் பார்க்க மகள் வந்திருந்த நேரத்தில்தான் சலவைக்கூட முதலாளி மூட்டை விட்டுப்போன நாளின் சீட்டை அம்மாவிடம் நீட்டினார்.

"இருபத்திமூணுதானே இருக்கு. ஒண்ணைப் பதியாமலே தள்ளிட்டீங்களாக்கா?"

"இருபத்திநாலும் எண்ணித்தாங்க பதிஞ்சேன்."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா? வயசாகுதுல்ல, விடுங்க."

அம்மா மகளைப் பார்த்தாள். "நான்தான் தப்பா எண்ணிட்டேனோ, பாப்பா?"

"தெரியலம்மா."

அன்று சாயங்காலமே மகளுக்குத் தெரிந்துவிட்டது. மூட்டைப் பட்டியலில் இருபத்து நான்கு. முகவரிப் பட்டியலில் புது வாடிக்கையாளர் ஏறாததால் இருபத்து மூன்று. புரோகிராமில் அவள் எழுதிய வரி இரண்டு பட்டியலையும் ஒன்றுக்கொன்று ஜோடி சேர்த்துக்கொண்டே போய், சின்னப் பட்டியல் தீர்ந்ததும் சத்தமில்லாமல் நின்றிருந்தது.

அவள் புரோகிராமை மாற்றி எழுதினாள். பட்டியலின் வகையை அறிவிக்கும் இடத்திலேயே அதன் நீளத்தையும், அதாவது எத்தனை உருப்படி என்பதையும், சேர்த்தாள். இரண்டு நீளமும் ஒன்றா என்று முதலில் சரிபார்க்காமல் யாராவது ஜோடி சேர்க்க எழுதினால், எழுதியதைச் சரிபார்த்துப் புரோகிராமாக்கும் கம்பைலர் ஏற்காது. புரோகிராம் உருவாகவே உருவாகாது.

"எங்கேர்ந்து பிடிச்சே இதை?" என்றார் டீம் லீடர்.

"எங்கேயோ படிச்சேன் சார்" என்றாள். எண் ஒத்தால்தான் முடிச்சுப் போடும் அம்மாவைப் பற்றிச் சொல்லவில்லை.

வேலை நிரந்தரமானதும், தப்பு தன்னுடையதென்று அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். நிரந்தரமாகி ஒரு வருஷமாகிறது.

இப்போதெல்லாம் அம்மா முடிச்சுப் போட்டபின் அவிழ்த்து, இன்னொரு தரம் எண்ணுகிறாள். வீட்டுத் துணியையும் அப்படித்தான். மகள் கதவைச் சாத்துவதில்லை. இரண்டாம் தடவை எண்ணி முடியும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். 'நீ சரியாத்தான்மா எண்ணினே' என்ற அந்த ஒரு வரி மட்டும் இன்னும் பாக்கி.