தெரியுதா சார்

கேபிளை போனில் செருகியதும் விரலை எடுத்துவிடமாட்டார். ‘இந்தக் கணினியை அனுமதிக்கலாமா?’ என்று போன் கேட்கும். கேள்வியை முழுசாகப் படித்து, ஒருமுறை கதவைப் பார்த்து, பிறகுதான் சம்மதிப்பார். போனின் திரை கணினிக்குப் போய், அங்கிருந்து புரொஜெக்டர் வழியாகச் சுவரில் ஆளுயரத்துக்கு விரியும். "தெரியுதா?" என்பார். முப்பது பேரும் தெரிகிறது என்று சொன்னாலும் விடமாட்டார். "கடைசி வரிசை, தெரியுதா?"

மருந்துக் கிடங்கில் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சரக்கு எடுக்கும் செயலியைச் சொல்லித்தருவது அவர் வேலை. எல்லாருக்கும் அவர் ‘தெரியுதா சார்’தான். முதுகு சுவருக்கு, முகம் ஆட்களுக்கு; அவர் பார்ப்பது மேசைமேல் கிடக்கும் தன் போனை மட்டும். வயர் இல்லாமலே காட்டலாமே என்று யாராவது யோசனை சொன்னால், "காத்துல வர்றது காத்தோட போயிடும் தம்பி. வயர்னா புடிச்சு இழுக்கலாம்" என்பார். தளர்ந்த கேபிளின் கழுத்தில் டேப் சுற்றி வைத்திருக்கிறார்.

பயந்த சுபாவம். வகுப்புக்கு முன் போனின் முகப்பிலிருக்கும் குடும்பப் படத்தை எடுத்துவிட்டு வெறும் நீலத்தை வைப்பார். மனைவியின் செய்திகளை ஊமையாக்குவார். காரணம் இருக்கிறது. போன வருஷம் பாடத்தின் நடுவே, ‘பாத்ரூம் பக்கெட் உடஞ்சிடுச்சு, வரும்போது வாங்கிட்டு வாங்க’ என்று சுவரில் வந்து நின்றது. ஒரு மாதம் கிடங்கே அவரிடம் பக்கெட்டை விசாரித்தது. சூடு கண்ட பூனை, அன்றிலிருந்து ஒரு நாளும் மறந்ததில்லை.

இன்றும் மறக்கவில்லை, அவள் செய்தியை ஊமையாக்கத்தான் மனம் வரவில்லை. மனைவியின் கழுத்தில் ஒரு கட்டி. துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். பதினொரு மணிக்கு முடிவு. கூட வருகிறேன் என்றதற்கு, "நீங்க வந்தா உங்களையும் சேத்து நான்தான் பாத்துக்கணும். அக்கா வர்றா. நீங்க போய் கிளாஸ் எடுங்க, தெரிஞ்சதும் மெசேஜ் போடுறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வேலையிடத்தில் ஒருவரிடமும் அவர் மூச்சுவிடவில்லை. வாய்விட்டுச் சொன்னால் நிஜமாகிவிடுமோ என்று பயம்.

பத்தேமுக்காலிலிருந்தே மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "காலாவதி தேதியைப் பாக்காம பட்டனைத் தொடக்கூடாது" என்று சொன்னதையே மூன்று தடவை சொன்னார்.

"சார், அதச் சொல்லிட்டீங்க" என்றாள் முன்வரிசைப் பெண்.

பதினொன்று பத்து. பதினொன்று இருபது. நல்ல சேதியாக இருந்தால் இந்நேரம் சொல்லியிருக்கமாட்டாளா?

பதினொன்று இருபத்தாறுக்குத் திரையின் உச்சியில் மனைவியின் பெயர் இறங்கியது. ஒரு வார்த்தை படிப்பதற்குள் அவர் கை தானாகப் பாய்ந்து போனைப் பொத்தியது. யாரும் பார்த்துவிடக் கூடாது.

பொத்தியது போனைத்தான். செய்தி அவர் முதுகுக்குப் பின்னால், சுவரில், பெரிய பெரிய எழுத்தில் நின்றது. முப்பது பேரும் படித்தார்கள். அறையில் அதைப் படிக்காதவர் அவர் ஒருவர்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். திரும்பிச் சுவரைப் பார்க்கத் துணிவில்லை.

முன்வரிசைப் பெண் எழுந்தாள். "சார், சாதாரணக் கட்டிதானாம். பயப்பட ஒண்ணுமில்லன்னு போட்டிருக்காங்க. கைய எடுங்க சார்."

அவர் எடுக்கவில்லை. இன்னொரு கையையும் கொண்டுவந்து அதன்மேல் வைத்துக்கொண்டார்.