சேரன்மகாதேவியில் பட்டாளத்தார் ஆஸ்பத்திரிக்கு இடம் பார்த்த கதை

மணிமுத்தாறு அருவிக்கு எப்படிப் போவது என்று நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள். சொல்லத்தான் போகிறேன். ஆனால் நான் முதன்முதலில் அந்தப் பக்கம் போனது அருவியைப் பார்க்க இல்லை, என் மாமனாரின் மூச்சிளைப்புக்காக. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழி மாதம். கல்யாணமாகி நான் வள்ளியூருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

மாமா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பனிமலையில் பல வருஷம் கிடந்ததில் இளைப்பு ஒட்டிக்கொண்டது. செலவில்லாமல் வைத்தியம் பார்க்க வேண்டுமென்றால் நூறு கிலோமீட்டர் தாண்டித் திருவனந்தபுரம் ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். போய்வந்த அலுப்பிலேயே இன்னும் கொஞ்சம் இளைக்கும் என்பதால் போவதையே நிறுத்திவிட்டார். கேட்டால், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார். அந்தக் கல் மாடிப்படி ஏறும்போது மட்டும் சுவரைப் பிடித்துக்கொள்ளும்.

சேரன்மகாதேவிப் பக்கத்து எம்.எல்.ஏ. ஒருவர் பட்டாளத்தாருக்காக விடாமல் பேசிக்கொண்டிருந்தார். நின்றுபோன விதவை ஓய்வூதியம், பட்டா கிடைக்காத ஒதுக்கீட்டு நிலம் என்று ஒவ்வொன்றாகக் கையிலெடுப்பார். வாரத்தில் இரண்டு நாள் டாக்டர் வரும்படி ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்கும் சம்மதம் வாங்கிவிட்டார். இடம்தான் பாக்கி. கால்வாய்க்கரைப் புறம்போக்கில் ஒரு துண்டு நிலம் இருந்தது. அதையே நெல் கிடங்குக்கும் கேட்டிருந்தார்கள். தாசில்தாரும் சுகாதாரத் துறை டாக்டரும் நேரில் வந்து, அத்தனை நோயாளிகள் நிஜமாகவே இருக்கிறார்களா என்று பார்த்து முடிவெடுப்பார்கள் என்று ஏற்பாடு. எனவே பட்டாளத்தார் எல்லாரும் வந்துசேர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார் எம்.எல்.ஏ.

என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. மாமா, அத்தை, நான் மூவரும் காலை ஆறரை மணிப் பேருந்தில் கிளம்பினோம். வள்ளியூரிலிருந்து ஏர்வாடி, களக்காடு வழியாகச் சேரன்மகாதேவி சுமார் நாற்பது கிலோமீட்டர். இடது பக்கம் ஜன்னலோரம் உட்காருங்கள். மலை கூடவே வரும். பிசானப் பருவ நெல் பச்சையாக நின்றது. மாமா சட்டையில் மெடல்களைக் குத்திக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அத்தை மடியில் தூக்குச்சட்டி, அதில் புளியோதரை. எனக்குக் கண் முழுக்க அதன்மேல்தான்.

எட்டரைக்கு அங்கே போய்ச் சேர்ந்தால், பத்து மணிக் கூட்டத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் ஏற்கெனவே வந்திருந்தார்கள். வந்தவர்கள் சும்மா இருந்தார்களா? பதவி வாரியாக மூன்று வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் தலைமை. பெண்கள் நாங்கள் வேப்பமரத்தடியில் ஒதுங்கினோம்.

எம்.எல்.ஏ. குட்டையான மனிதர். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் வேகமாக நடந்து வந்தார். பின்னால் தாசில்தாரும் டாக்டரும். சுபேதார் "சாவ்தான்!" என்று கத்த, மூன்று வரிசையும் நெஞ்சை நிமிர்த்தியது. எம்.எல்.ஏ. கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சிமாரே, ஒளிக்காமச் சொல்லுங்க. யார் யாருக்கு ஒடம்புக்கு முடியல? கையத் தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை.

பட்டாளத்தில் நோய் என்று சொன்னால் வேலைக்குக் கள்ளன் என்று பெயர் விழுமாம். இருபது வருஷம் பழகின பழக்கம். அதுவும் வரிசையில் நிற்கும்போது, மெடல் குத்தியிருக்கும்போது, பக்கத்தில் இருப்பவன் கை தூக்காதபோது, எவன் முதலில் தூக்குவான்? சுபேதார் எல்லாருக்குமாகப் பதில் சொன்னார்: "எல்லாரும் நல்லாருக்கோம், சார்!"

டாக்டர் சிரித்துவிட்டார். "என்னைவிடத் தெம்பா இருக்காங்களே" என்று தாசில்தாரிடம் சொன்னார். தாசில்தார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எம்.எல்.ஏ.வின் முகம் தொங்கிப்போனது. "என்ன அண்ணாச்சி இது! நான் அங்கன நின்னு தொண்ட கிழியக் கத்தி வாங்கிட்டு வாரேன். நீங்க இங்கன நின்னு கெடுக்கியளே!"

எனக்கு மாமா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. நாற்பது கிலோமீட்டர் வந்தது மெடலைக் காட்டவா? நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே, தூக்குச்சட்டியை என் கையில் திணித்துவிட்டு அத்தை வெயிலில் இறங்கி நடந்தார். வீட்டில் மாமாவுக்கு எதிரே உட்காரக்கூட மாட்டார் அவர்.

"ஐயா, அவிய சொல்லமாட்டாவ. எங்களக் கேளுங்க."

மாமா முறைத்த முறைப்பில் அத்தையின் குரல் அங்கேயே நின்றுபோனது. எம்.எல்.ஏ. அதைக் கவனித்துவிட்டார். "சுபேதார் அண்ணாச்சி, எல்லாரையும் கொஞ்சம் கால்வாயப் பாத்துத் திருப்பி நிறுத்தும்வே" என்றார். சுபேதாருக்கு உத்தரவு என்றால் உத்தரவுதான். "பீச்சே முட்!" என்றார். அத்தனை பேரும் ஒரே காலடியில் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்கள்.

முறைக்க ஆளில்லை என்றானதும் அத்தை பேசினார். "ராத்திரி படுக்கமாட்டாவ, உக்காந்தேதான் இருப்பாவ. நெஞ்சுக்குள்ள விசில் மாதிரி சத்தம் கேக்கும். சத்தம் கேட்டாலும் பயம், நின்னாலும் பயம். மூக்குகிட்ட கைய வச்சுப் பாத்துட்டே இருப்பேன். கண்ணசந்து வருசக்கணக்காச்சு, ஐயா."

அடுத்து மற்றப் பெண்களும் இறங்கி வந்தார்கள். ஒருவரின் கணவருக்குப் பீரங்கிச் சத்தத்தில் ஒரு காது போய்விட்டது. இன்னொருவரின் கணவருக்குச் சர்க்கரை, "காலையிலகூட ரெண்டு அதிரசம் தின்னுட்டுத்தான் இங்கன வந்து நல்லாருக்கேன்னு நிக்காவ" என்று அவர் மனைவி போட்டுக்கொடுத்தார். சிரிப்பு எழுந்து அடங்கியபின், கடைசியாக நின்ற ஒரு அம்மா பைய வாயைத் திறந்தார். "எங்க வீட்டுக்காரவுகளும் நல்லாருக்கேன்னுதான் சொன்னாவ. கார்த்திக மாசம் காலையில, நல்லாருக்கேன்னு சொல்லிட்டே போய்ட்டாவ. அந்த வரிசையில நிக்கவேண்டியவுக."

அப்போது இரண்டாம் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அது மாமாவின் கை. திரும்பிப் பார்க்காமலே தூக்கியிருந்தார். அப்புறம் இன்னொன்று, அப்புறம் நாலைந்து. கொஞ்ச நேரத்தில் எண்ண முடியவில்லை. நான் அழுதுவிட்டேன் என்பதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு போய், வாகாகத் திரும்பி நின்ற மாமாவின் முதுகில் முதலில் வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. தாசில்தாரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். எம்.எல்.ஏ. விடவில்லை. "கிடங்குக்கு ரயில் டேஷன் பக்கம் மேட்டு நிலம் இருக்கு, சார். நான் பாத்தே வச்சிருக்கேன். நெல்லு நனையாது" என்றார். மதியத்துக்குள் சங்கிலி போட்டு இடத்தை அளந்து கல்லும் நட்டாயிற்று. பிறகு எம்.எல்.ஏ. மரத்தடியில் உட்கார்ந்து, விதவைகளின் ஓய்வூதிய மனுக்களை ஒவ்வொன்றாகப் படித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் கிளம்பும்போதும் அவர் எழுந்திருக்கவில்லை. அடுத்த வருஷம் அங்கே கட்டடம் எழும்பியது. அரசியல்வாதிகளை நான் கண்டபடி திட்டுகிறவள்தான். அவரை மட்டும் திட்டுவதில்லை.

சரி, அருவி. அன்றைக்கு மாமா தானாகவே "வந்ததுதான் வந்தோம், மருமகளுக்கு மணிமுத்தாறக் காட்டுவோம்" என்றார். சேரன்மகாதேவியிலிருந்து கல்லிடைக்குறிச்சி போய் அங்கிருந்து பேருந்து மாறவேண்டும். மொத்தம் இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். அணை வரைக்கும் சுலபம். அருவி அதற்கும் மேலே, காட்டுக்குள். மழை அதிகமானால் குளிக்க விடமாட்டார்கள். மாலையில் சீக்கிரம் இறங்கிவிட வேண்டும். சாப்பாடு கையில் கொண்டுபோங்கள். நாங்கள் அணைக்கரையிலேயே புளியோதரையைத் தின்றுவிட்டு, அதற்குமேல் ஏறாமல் திரும்பிவிட்டோம். மாமாவே "எனக்கு எளைக்கி, நான் ஏறமாட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னார். அருவியை நான் பார்த்தது பல வருஷம் கழித்துத்தான். குறையே இல்லை.

திரும்பும்போது கல்லிடைக்குறிச்சியில் பாபநாசம்-நாகர்கோவில் பேருந்தைப் பிடியுங்கள். வள்ளியூர்க்காரர்களுக்கு அதுதான் வசதி, எங்கும் மாறவேண்டாம். நாங்களும் அதில்தான் ஏறினோம். வண்டி கிளம்புவதற்கு முன்பே அத்தை மாமாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். களக்காட்டில் ஆட்கள் இடித்துப் பிடித்து ஏறினார்கள், ஏர்வாடியில் டிரைவர் ஹார்னை விடாமல் அடித்தார். அத்தை அசையவில்லை.

வள்ளியூர் வந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். மாமா என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

கண்டக்டர் வந்தார். "அண்ணாச்சி, வள்ளியூரு வந்தாச்சு. எறங்கலையா?"

"நாகர்கோவிலுக்கு மூணு டிக்கெட் குடு, தம்பி."

"இந்நேரத்துக்கு அங்க என்ன சோலி?"

"ஒரு சோலியும் இல்ல" என்றார் மாமா, தோளை அசைக்காமல். "அவ தூங்குதா."