மாமி தராத முதுகு

கொதிக்கிற தண்ணீரை வாளி வாளியாகக் கொண்டுவந்து ரசூல் பீவி சிமெண்டுத் தரையில் அடித்து ஊற்றுகிறாள். குளியலறைச் சன்னலை அட்டை வைத்து அடைத்தாயிற்று. கதவைச் சாத்தி, நனைத்த சாக்கைச் சுருட்டி அதன் அடியில் திணிக்கிறாள். கொஞ்ச நேரத்தில் எதிரில் இருக்கும் ஆள் தெரியாத அளவுக்கு ஆவி. சித்திரை வெயிலில் அருப்புக்கோட்டையே வெந்துகொண்டிருக்க, வேர்ப்பதற்கென்று ஒரு பெண்பிள்ளை விறகை எரித்து இத்தனை பாடுபடுவதைப் பார்த்து, புதிதாக வந்த மருமகள் ஆசிபாவுக்குத் தலை சுற்றிவிட்டது.

"இது மொராக்கோ குளி புள்ள. நம்ம குளிக்கிறதெல்லாம் குளியா? சட்டிய வெளிய மட்டும் கழுவுற மாதிரி" என்பாள் மாமி. வியாழன்தோறும் மதியத் தொழுகை முடிந்ததும் இதுதான் அவளுக்கு வேலை. முதலில் ஆவியில் ஊறவேண்டும். பிறகு உடம்பெல்லாம் களிம்பு மாதிரி ஒரு கறுப்புச் சோப்பு. அது காயாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும். பேசக்கூடக் கூடாது. அப்புறம் சொரசொரவென்று ஒரு கையுறையை மாட்டிக்கொண்டு தோளில் தொடங்கிக் கீழ்நோக்கி இழுப்பாள். கடைசியில் மண்பூச்சு. மொராக்கோ மண் தீர்ந்துபோய் வெகுகாலமாகிவிட்டது. இப்போது பந்தல்குடிப் பக்கத்துக் கண்மாய்க் கரம்பை மண்ணைச் சலித்து, பன்னீரில் குழைத்துப் பூசுகிறாள். நம் கரம்பைக்கு முன்னால் அந்த மண் நிற்காது என்று வேறு அடித்துச் சொல்லுவாள். வடிகிற தண்ணீர் முழுவதும் முருங்கைக்குப் போய்விடும். தண்ணீர் வண்டிக்குக் காத்துக் கிடக்கிற ஊரில் அவள் வீட்டு முருங்கை மட்டும் கொழுத்து நிற்கிறது.

மாமியின் புருசன் சகாபுதீன் இறந்தபோது மகன் ஆசிக் பால் குடிக்கிற பிள்ளை. அவனைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு அரபு நாட்டுக்குப் போனவள். பெண்கள் மட்டும் வரும் அழகு நிலையம் ஒன்றில் மொராக்கோக்காரி ஒருத்தியிடம் இந்த வேலையைப் படித்துக்கொண்டாளாம். அங்கே வந்துபோன சீமாட்டிகளைப் பற்றிக் கேட்டால் பொழுதுக்கும் சொல்லுவாள். யாருக்கு எங்கே கூச்சம், யார் தேய்க்கத் தேய்க்கத் தூங்குவாள், எவள் மாமியாரைத் திட்டிக்கொண்டே குளிப்பாள் என்று நடித்தே காட்டுவாள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வீட்டில் வேலை பார்த்திருக்கிறாள். அதைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அது ஒரு வீடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

இன்னும் சில கோணல்கள் உண்டு. ஆசிபாவின் சீர்ச் சாமான்களோடு வந்த இஸ்திரிப் பெட்டியை, அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அன்றைக்கே பரணில் தூக்கிப் போட்டாள். துணிகளை மடித்துப் படுக்கைக்கு அடியில் வைத்துத்தான் உடுத்துகிறாள். கரண்டு பில்லுக்குப் பயந்த கருமித்தனம் என்று ஆசிபா நினைத்துக்கொண்டாள். இன்னொன்று, தெருவில் பாதிப் பெண்களின் முதுகைத் தேய்த்துவிட்டவள் தன் முதுகை யாரிடமும் தரமாட்டாள். எல்லோரும் போனபின் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, ஒரு நீளத் துணியை முதுகுக்குக் குறுக்கே கொடுத்து இரண்டு கையாலும் இழுத்துக்கொள்வாள். "நான் தேச்சு விடுறேன் மாமி" என்று ஆசிபா ஒருநாள் கேட்டுப் பார்த்தாள். "நீ போயி உலைய வையி" என்று பதில் வந்தது.

அடுத்த வீட்டுத் தறிக்காரர் மனைவி சௌடம்மாள் மூட்டுவலிக்கு நல்லது என்று கேள்விப்பட்டு ஒரு வியாழன் வந்தாள். கையுறை இரண்டு இழுப்பு இழுத்ததும் அவள் கையிலிருந்து கறுப்புச் சேமியாவாகத் திரிதிரியாய் உதிர்ந்தது. தோலைத்தான் உரித்துவிட்டார்கள் என்று அவள் வீட்டுக் கன்னடத்தில் அலறியதில், தறியை நிறுத்திவிட்டு ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள். "தோலு இல்ல தாயி, அம்புட்டும் அழுக்கு" என்று ரசூல் பீவி சொன்னதுதான் அவளுக்குப் பெரிய அதிர்ச்சி. தினம் இருவேளை குளிக்கிற குடும்பம் அவளுடையது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவள் அடுத்த வியாழன் முதல் ஆளாகத் துண்டோடு வந்து நின்றாள்.

ஊரே வந்து குளிக்கிறது, வீட்டு மருமகள் மட்டும் இன்னும் குளிக்கவில்லை. ஒரு வியாழன் தலைவலி என்றாள். ஒரு வியாழன் வீட்டுக்குத் தூரம் என்றாள். ஒரு வியாழன் பந்தல்குடியில் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று பஸ் ஏறிவிட்டாள். காரணம் அவள் இடுப்புக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு. ஒட்டாது, பரவுவதும் நின்றுவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொல்லி என்ன, ஊரில் அதற்கு வைத்திருக்கிற பேர் வேறு. அந்தப் பேர் வெளியே வந்து நின்றுபோன கல்யாணங்களை ஆசிபாவின் அம்மா பார்த்தவள். அதனால் பெண் பார்க்க வந்தவர்களிடம் மூச்சு விடவில்லை. ஆசிக்குக்கு மட்டும் முதல் வாரமே தெரிந்துவிட்டது. அவன் கோபப்படவில்லை. "அம்மாட்ட இப்ப சொல்லாத, நான் பாத்துக்கிறேன்" என்றான். பார்த்துக்கொள்கிறேன் என்றவன் அந்த மாதமே சவுதிக்கு விமானம் ஏறிவிட்டான்.

சாக்குகள் தீர்ந்துபோன ஒரு வியாழன் மாமி அவள் கையில் ஒரு கைலியைக் கொடுத்தாள். "இன்னைக்கு ஒனக்குத்தான். மாருக்கு மேல கட்டிக்கிட்டு வா."

ஆவியில் உட்கார்ந்தபோது ஆசிபாவுக்கு வேர்த்ததில் பாதி பயத்தில் வேர்த்தது. வெளியே தறி ஓடிக்கொண்டிருந்தது. 'பிஸ்மில்லா' சொல்லி மாமி தோளில் தொடங்கினாள். அவளிடமிருந்தும் திரிதிரியாய் உதிர்ந்தது. இத்தனையையும் சுமந்துகொண்டா கல்யாண மேடையில் உட்கார்ந்திருந்தோம் என்று அந்தப் பயத்திலும் அவளுக்குத் திக்கென்றது. கை முடிந்தது, கால் முடிந்தது. "திரும்பு" என்றாள் மாமி. ஆசிபா கைலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். முதுகுக்குச் சோப்புப் போடவேண்டும், கைலியை இறக்கு என்றதும் பிடித்திருந்த கை தானாகத் தளர்ந்தது. கையுறை கழுத்திலிருந்து சுகமாக இறங்கி வந்தது. இடுப்புக்கு மேலே வந்து நின்றது.

மாமி ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிச் சோப்பைக் கழுவினாள். கையுறை இல்லாத கையால் அந்த இடத்தை ஒருமுறை தடவிப் பார்த்தாள். நாளைக் காலையில் பந்தல்குடி பஸ்ஸில் பெட்டியோடு தான் உட்கார்ந்திருப்பதை ஆசிபா கண்ணால் பார்த்துவிட்டாள்.

"எத்தன வருசமா இருக்கு?"

"பத்தாவது படிக்கையில வந்துச்சு மாமி."

"ஆசிக்குக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அதற்குப் பிறகுதான் மாமிக்குக் கோபம் வந்தது. உன் அம்மா மறைத்தாள், பெத்தவள், மறைக்கத்தான் செய்வாள் என்றாள். அவளைச் சும்மா விடமாட்டேன் என்றாள். ஒற்றை ஆளாக வளர்த்த பிள்ளை, அவன் எப்படி என்னிடம் சொல்லாமல் இருந்தான் என்று கேட்டாள். கேட்கும்போது குரல் உடைந்தது. தினமும் போனில் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று கேட்கிறவன், இதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லையா என்றாள். ஆசிபா அழுதாள். மாமியும் அழுதாளா என்று அந்த ஆவியில் தெரியவில்லை. தறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"நானுந்தான் அவன்கிட்ட ஒண்ணு சொல்லல" என்றாள் ரசூல் பீவி. "சொன்னா அவன் அந்தப் பக்கம் பொழைக்கப் போவானா?"

கையுறையைக் கழற்றி அலசிப் பிழிந்தாள். முக்காலியைத் திருப்பிப் போட்டு ஆசிபாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சேலையை முன்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, இரவிக்கையைக் கழற்றினாள்.

தோள்பட்டைக்குக் கீழே இரண்டு தழும்புகள். கீழே அகன்று, மேலே கூராக முடிகிற தழும்புகள். ஒன்றில் ஓரமாகப் புள்ளி புள்ளியாய், ஆவி வருகிற துளைகள்கூட அப்படியே பதிந்திருந்தன. "அது ஒரு வீடு" என்று மாமி எழுந்து போனதெல்லாம் ஆசிபாவுக்கு இப்போது விளங்கியது. பரணில் பிரிக்காமல் கிடக்கும் அந்த அட்டைப்பெட்டி நினைவுக்கு வந்தது. கருமி என்று நினைத்தோமே என்று உடம்பெல்லாம் கூசியது.

"பாத்துக்கிட்டே இருந்தா தண்ணி ஆறிப்போகும்" என்றாள் ரசூல் பீவி, திரும்பாமல். "அழுத்தித் தேயி. இப்ப வலிக்காது."

சொல்லிவிட்டு, கையுறையைத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினாள்.