ரிப்போர்ட்டின் கடைசி வரி

போன செவ்வாய்க்கிழமை காளவாசலில் ஒரு ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்திருந்தேன். வெறும் வயிறு. எனக்கு முன்னால் உள்ளே போன ஆள் வெளியே வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப் பொத்தான் தொப்பையில் முட்டிக்கொண்டு நின்றது. கையில் ரிப்போர்ட் கவர், முகமெல்லாம் சிரிப்பு. போனை எடுத்தார்.

"மாப்ள, கல்லு இல்லடா. வெறும் கேஸுதானாம். நீ கடையில உக்காரு, வாரேன். ரெண்டு கறிதோசை சொல்லிரு."

எனக்குச் சுர்ரென்று வந்தது. எழுந்து போய், "தம்பி, அந்த ரிப்போர்ட்டக் கொஞ்சம் காட்டுங்க" என்றேன். பாவம், கொடுத்துவிட்டார். பித்தப்பையில் கல் இல்லை. கிட்னியில் கல் இல்லை. கடைசியில் ஒரே ஒரு வரி... ஃபேட்டி லிவர், கிரேடு டூ. கல்லீரலில் கொழுப்பு, இரண்டாம் நிலை.

"இதப் படிச்சீங்களா?"

"அது எல்லாருக்கும் இருக்கிறதுதானண்ணே. எங்க ஆபீஸ்ல பாதிப் பேருக்கு இருக்கு. எங்க மேனேஜருக்கு கிரேடு த்ரீ."

மேனேஜருக்குப் பதவி உயர்வு கிடைத்த மாதிரி சொன்னார். நான் கத்திவிட்டேன். கவுண்டரில் இருந்த பெண் எட்டிப் பார்த்தது. அவர் கோபப்படவில்லை. "உங்களுக்கு என்னண்ணே வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

நியாயமான கேள்வி. எனக்கு என்ன வந்தது என்பதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் அவர் நின்ற இடத்தில் நான் நின்றேன். விலாவில் வலி. ஸ்கேன் எடுத்தேன். டாக்டர் படத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கல்லு இல்ல, போங்க" என்றார். கிரேடு ஒன் ஃபேட்டி லிவர் என்று ரிப்போர்ட்டில் இருந்தது. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. நேராகப் புரோட்டா கடைக்குப் போனேன். கவர் ஃபிரிட்ஜ் மேல் போய்ச் சேர்ந்தது. அதன் மேல் கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை எல்லாம் ஏறி உட்கார்ந்தன.

இப்போது என் அக்கா பாண்டியம்மாளின் கதை.

அக்காவுக்கு ஊர் செக்கானூரணிக்கு அந்தப் பக்கம். ஐம்பத்தைந்து வயது. வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடம். ஒரே மகள் செல்வி. போன வருடம் அக்காவுக்கு வயிறு வீங்கியது, கால் வீங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்த்தால் கல்லீரல் சுருங்கிப் போயிருந்தது. கொழுப்பு படிந்து, படிந்த இடம் புண்ணாகி, புண் தழும்பாகி... எல்லாம் பல வருட வேலை. வலிக்கவே வலிக்காதாம்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வராந்தாவில் என்ன பேசினார்கள் தெரியுமா? "லிவரா? பாண்டியம்மாளா? குடிச்சிருக்குமோ?" பாட்டில் மூடியைக்கூடத் தொட்டறியாதவள் என் அக்கா. அவளிடம் இருந்தது சுகரும் பருத்த உடம்பும்தான்.

செல்வி ஒரு மஞ்சப்பை நிறையப் பழைய ரிப்போர்ட்டுகளைக் கொண்டுவந்திருந்தாள். டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒரு காகிதத்தில் நின்றார். எட்டு வருடத்துக்கு முன்னால் எடுத்த வயிற்று ஸ்கேன். அதில் அப்போதே ஃபேட்டி லிவர் என்று இருந்தது.

"இத யாரும் சொல்லலையாம்மா?"

அக்கா சொன்னாள்: "அது கர்ப்பப்பைக்கு எடுத்தது சார்."

டாக்டர் அந்தக் காகிதத்தைத் தனியாக எடுத்து வைத்தார். வேறு என்ன செய்வார்? நம் ஊரில் அப்படித்தானே. கர்ப்பப்பைக்கு எடுத்த ஸ்கேனில் கர்ப்பப்பையைப் பார்ப்போம். கல்லுக்கு எடுத்த ஸ்கேனில் கல்லைப் பார்ப்போம். தேடிப் போனது கிடைக்கவில்லை என்றால் சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிடுவோம். மெஷின் வயிறு முழுக்கப் பார்த்து எழுதிக் கொடுத்தாலும் நமக்கு வேண்டியது ஒரு வார்த்தைதான். எழுதிய டாக்டர் எழுதியதோடு சரி. அனுப்பிய டாக்டர் கல்லைத் தாண்டிப் படிப்பதில்லை. நாம் படித்தாலும் கேட்பதில்லை. யாரைத் திட்டுவது? எல்லோரையும்தான். என்னையும் சேர்த்து.

கல்லீரல் மாற்றினால்தான் அக்கா பிழைப்பாள் என்றார்கள். செல்விக்கு ரத்த குரூப் சேரவில்லை. எனக்குச் சேர்ந்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என்னோடதுல எம்புட்டு வேணுமோ வெட்டி எடுத்துக்கங்க" என்றேன். ஏதோ தோட்டத்து வாழை இலையை அறுத்துக்கொள்ளச் சொல்கிற மாதிரி.

எனக்கு சிடி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார்.

"இது மண்ணீரல். இது கல்லீரல். ஆரோக்கியமா இருந்தா இந்தப் படத்துல கல்லீரல்தான் மண்ணீரலைவிட வெளுப்பாத் தெரியணும். உங்களுக்கு எப்படி இருக்கு பாருங்க."

பார்த்தேன். கறுத்துக் கிடந்தது.

"கொழுப்பு. இதுல பாதிய வெட்டி வச்சா அவங்களுக்கும் வேலை செய்யாது, மிச்சம் இருக்கிறது உங்களையும் காப்பாத்தாது. எடையக் குறைங்க. ஏழு வாரம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் பார்ப்போம்."

ஃபிரிட்ஜ் மேல் இருந்த கவர் அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டரை வருடத்துக்கு முன்னால் அந்த ஒரு வரியை மதித்திருந்தால், இந்த சிடி பார்த்த கையோடு என்னை ஆபரேஷன் தியேட்டருக்குக் கூட்டிப் போயிருப்பார்கள்.

நடுவில் தல்லாகுளத்தில் காலை நடைப்பயிற்சி பற்றி எழுதினேனே... "என்ன சார், திடீர்னு ஆரோக்கியம்?" என்று சிலர் கிண்டலாகக் கடிதம் போட்டீர்களே... காரணம் இதுதான். அக்காவுக்காக நடந்தேன். சோற்றைக் குறைத்தேன். புரோட்டா கடை வாசலைத் தாண்டும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கிறதே.

ஒவ்வொரு ஞாயிறும் அக்காவைப் பார்க்கப் போவேன். அவளுக்கு உப்பில்லாத கஞ்சி. எனக்கு? கறிக்குழம்பு, ஈரல் வறுவல், நெய் ஊற்றிய பருப்பு. எழுந்து நிற்க முடியாதவள், கட்டிலில் படுத்தபடியே செல்வியை ஏவிச் சமைக்க வைத்திருப்பாள்.

"அக்கா, ஒனக்குத்தான் நான் பட்டினி கெடக்கேன். நீயே கெடுத்தா எப்படி?"

"ஒரு நாளு சாப்பிட்டா என்ன ஆயிரப் போகுது? நாளையில இருந்து கொறச்சுக்க."

"ஸ்கேன்ல தெரியும்க்கா."

"கன்னம் ரெண்டும் ஒட்டிப்போச்சு. நீ அரை வயித்தோட எந்திரிச்சுப் போனா எனக்கு எப்படிறா கஞ்சி எறங்கும்? செல்வி, மாமாவுக்கு இன்னும் ரெண்டு கரண்டி வையி."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? இலையை மூடிவிட்டு எழுந்திருக்க வேண்டும். செய்யவில்லை. வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, மகளை விட்டுப் பரிமாற வைத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறவளிடம் எப்படி வேண்டாம் என்பது? சாப்பிட்டேன். ஏழு ஞாயிறும் சாப்பிட்டேன். தன் உயிரைக் காப்பாற்ற வேண்டிய கல்லீரலுக்கு அவளே சோறு போட்டாள். நானும் கையை நீட்டினேன்.

இரண்டாவது ஸ்கேன். "குறைஞ்சிருக்கு. ஆனா பத்தாது. இன்னும் ஒரு மாசம் இருங்க" என்றார் டாக்டர்.

அந்த ஒரு மாதத்தை அக்காவின் உடம்பு தரவில்லை. பத்தொன்பதாவது நாள் ரத்தமாக வாந்தி எடுத்தாள். மறுநாள் முடிந்துவிட்டது.

அந்த ஏழு ஞாயிறும் நான் வாயைக் கட்டியிருந்தால் ஸ்கேன் தேறியிருக்குமா? டாக்டரிடமே கேட்டேன். "அப்படியெல்லாம் போட்டு மனசக் குழப்பிக்காதீங்க" என்றார். தேறியிருக்காது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

காரியத்தன்று கறிச்சோறு. அக்காவின் கொழுந்தன் வாளியோடு என் இலைக்கு முன்னால் வந்து நின்றார். நான் கையை வைத்து மறைத்தேன்.

"இனி யாருக்கு மாப்ள பத்தியம்? சாப்பிடு."

மோசமான ஆள் இல்லை அவர். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் என்னைப் பயமுறுத்துகிறது. நம் வீடுகளில் அன்பைக் காட்ட வேறு வழியே கிடையாதா? சாப்பாடு வைப்பதை விட்டால் நமக்கு ஒன்றும் தெரியாதா?

உங்கள் வீட்டிலும் ஒரு கவர் இருக்கும். பீரோ மேலேயோ, டிவிக்குப் பின்னாலேயோ. கல்லுக்கு எடுத்தது, குடலுக்கு எடுத்தது, எதற்கோ எடுத்தது. இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டுப் போய் எடுங்கள். கடைசி வரியைப் படியுங்கள். படித்துவிட்டு, அதை எழுதிய டாக்டரிடமோ வேறு டாக்டரிடமோ போய், "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேளுங்கள். "எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்று அவர் சொன்னால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

காளவாசல் ஆளிடம் இதையெல்லாம் சொன்னேனா? பாதி சொன்னேன். கேட்டார். ரிப்போர்ட்டை மறுபடி பிரித்து அந்த வரியைப் பார்த்தார். அதற்குள் போன் அடித்தது. "இந்தா வந்துட்டேன் மாப்ள" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கறிதோசை இரண்டா ஒன்றா, தெரியாது.

என்னை உள்ளே கூப்பிட்டார்கள். மூன்றாவது ஸ்கேன். ஆபரேஷனுக்கு அது இனித் தேவையில்லை. ஆனாலும், டாக்டர் சொன்ன தேதி தாண்டி மூன்று மாதம் ஆன பிறகு, கால் தானாக அங்கே போய் நின்றுவிட்டது.

வயிற்றில் ஜெல்லைத் தடவி உருட்டிப் பார்த்த டாக்டர், துடைத்துக்கொள்ளக் காகிதம் கொடுத்தார். பழைய ரிப்போர்ட்டையும் ஸ்கிரீனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லிவர் சுத்தமா இருக்கு சார். எப்படிக் குறைச்சீங்க?"

"இப்பல்லாம் ஞாயித்துக்கிழம அக்கா வீட்டுக்குப் போறதில்ல சார்" என்றேன்.