சேகருக்குச் சொல்லிக்கொடுத்த லூப்பேக்

இன்று காலை, தீவிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த பழைய ரூட்டர் ஒன்று என் மேசைக்கு வந்தது. ஒயர் செருகும் போர்ட்டுக்குள் களிம்பு பச்சையாகப் பூத்திருந்தது. உப்புக்காற்றும் துருவும் கலந்த வாடை. உடனே சேகர் ஞாபகம் வந்துவிட்டது. வராமலே இருந்திருக்கலாம்.

ராமநாதபுரத்தில் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனி. அதில் நானும் அவனும்தான் எல்லாம். என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவான். நோன்பு மாசத்தில் நான் வாங்கிவரும் பள்ளிவாசல் கஞ்சியில் பாதி அவனுக்குத்தான்.

தீவுக்கு இரண்டு வழி வைத்திருந்தோம். பாலத்தோடு போகும் கேபிள் ஒன்று, கடலுக்கு மேலே ஒயரில்லாமல் காற்றிலேயே அனுப்பும் டிஷ் ஒன்று. பெரிய கெட்டிக்காரர்கள் என்று நினைப்பு. ஆனால் அந்தக் கரை ரூட்டரைத் தேட, அதன் கேபிள் போர்ட் அட்ரஸைத்தான் இந்தக் கரை ரூட்டருக்குக் கொடுத்திருந்தோம். உப்பு தின்று அந்த போர்ட் செத்தால், டிஷ் நன்றாக இருந்தும் இரண்டும் பேச்சை நிறுத்திவிடும். தீவிலிருக்கும் தங்கச்சிமடத்துக்காரர்கள் போனில் எங்களை வறுத்தெடுப்பார்கள்.

படித்துப் படித்து லூப்பேக்கைக் கண்டுபிடித்தவன் நான்தான். ஒயரே செருகாமல் ரூட்டருக்குள் நாமாக உண்டாக்கும் போர்ட் அது. ரூட்டருக்கு உயிர் இருக்கும்வரை அதற்கும் உயிர். அதன் அட்ரஸைக் கொடுத்துவிட்டால் எந்த வழியாகவும் போய்ச் சேரலாம். சேகருக்கு மண்டையில் ஏறவில்லை. கரையில் டீ குடித்தபடி சொன்னேன்: "ஏலே, படகை எங்கன கட்டுனாலும் படகு நம்பர் மாறுமா? அந்த நம்பரைச் சொல்லித் தேடு."

"இப்பத்தான் மாப்ள விளங்குது" என்று சிரித்தான். அன்றைக்கே இரண்டு கரை ரூட்டரிலும் லூப்பேக்கை நானே போட்டேன்.

பிறகு கம்பெனி கைமாறியது. இருவரில் ஒருவருக்குத்தான் வேலை என்று பேச்சு. புது மேனேஜர் வந்த அன்று சேகர், "நீ டவர்ல ஏறி டிஷ்ஷப் பாத்துட்டு வா மாப்ள, நான் பேசிக்கிறேன்" என்றான். நம்பி ஏறினேன். இறங்கி வந்தால், பிடுங்கிய கேபிள் அவன் கையில். அப்படியும் டிஷ் வழியாகத் தீவுக்கு நெட் ஓடிக்கொண்டிருந்தது. "படகை எங்கன கட்டுனாலும் நம்பர் மாறாது சார். அப்படி யோசிச்சுத்தான் போட்டேன்" என்று மேனேஜரிடம் அளந்துகொண்டிருந்தான்.

மேனேஜர் என்னைக் காட்டி, "இவர்?" என்றார்.

"டவர் ஏறுற பையன் சார். நல்லா ஏறுவான்."

இப்போதும் மனசு ஆறவில்லை. வாயில்லாப் பூச்சி நான், "வாரேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

பரமக்குடியில் வேறு வேலை கிடைத்தது. அந்தக் கம்பெனியும் இல்லை, டவரையும் பிரித்துவிட்டார்கள். தெரிந்ததை யாரிடமாவது சொன்னால்தான் சோறு இறங்கும் என்றிருந்த அந்தப் பழைய நானும் இப்போது இல்லை. இன்று மத்தியானம் பக்கத்து சீட்டு மாலதி கேட்டாள்: "இந்த லூப்பேக் எதுக்கு சார் போடுறாங்க?"

"தெரியலையேம்மா" என்றேன்.