ஈயத்தைக் கழற்றிப் போட்டவன்

என் தம்பி ஜாக்கி ஆகிறேன் என்று கிளம்பியதில் எலும்பும் தோலுமாய்ப் போனது நான்தான். பந்தயக் குதிரை ஓட்டுபவன் கனமாக இருக்கக் கூடாதாம். சரி, அவன் பட்டினி கிடக்கட்டும், நான் ஏன் கிடக்க வேண்டும்? "வாசனை வந்தா பசிக்குதுக்கா" என்று அடுப்பையே அணைக்க வைத்துவிட்டான் பாவி. அம்மா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரொட்டி தின்பாள். வெளியே வரும்போது வாயைத் துடைத்தபடி, "சோப்பு தீர்ந்துபோச்சு" என்பாள்.

நகம் வெட்டினாலும் எடை பார்ப்பான், மூக்கைச் சிந்தினாலும் எடை பார்ப்பான். சட்டைப் பொத்தான்களில் பாதியைப் பிய்த்துவிட்டான். சோபாவின் கைப்பிடி மேல் குந்திக்கொண்டு, கரண்டியால் அதை விளாசியபடிதான் டிவி பார்ப்பான்.

"இவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கும்மா."

"லைசென்ஸ் கிடைச்சா தெளிஞ்சிடும்டி."

கிடைக்காவிட்டால் மாமாவின் சிமெண்ட் கடையில் மூட்டை தூக்க வேண்டும். மாமா அவனுக்காக இடம்கூட ஒதுக்கி வைத்துவிட்டார். அதை நினைத்தாலே பயலுக்கு நடுக்கம்.

ஒருவழியாக லைசென்ஸுக்கான பரீட்சைப் பந்தயம் வந்தது. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் சேணத்தைக் கையில் ஏந்தித் தராசில் ஏற வேண்டும். எல்லோரும் ஒரே எடையில் ஓட வேண்டும் என்பது விதி. இவன் ஏறினான், முள் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. தராசு அதிகாரி சேணத்துக்கு அடியில் போடும் துணியின் பைகளில் ஈயத் தகடுகளைச் செருகி, எடையைச் சரிக்கட்டி அனுப்பினார். தம்பியின் முகம் ஏன் சுண்டிப்போனது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஓட்டம் என்றால் அதுதான் ஓட்டம்! முதல் ஆளாக வந்தான். வேலியோரம் நின்ற அம்மா, முன்பின் தெரியாத ஒருவரின் தொப்பியைப் பிடுங்கி வீசினாள். நான் அழுதே விட்டேன்.

இவன் மறுபடி தராசில் ஏறினான். அதிகாரி முள்ளைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஈயம் எங்கப்பா?"

"சேணம் கட்டும்போதே கழட்டிப் போட்டுட்டேன் சார்." மார்பை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னான்.

"ஏன்?"

"வெயிட்டு சார்!"

"வெயிட்டுக்குத்தானேடா வச்சேன்! வகுப்புல சொல்லித் தரலையா?"

"அன்னைக்குப் பசி மயக்கம் சார், தூங்கிட்டேன்."

அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். லைசென்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார். ஆனாலும் நல்ல மனுஷன். "நல்லாத்தான் ஓட்டுற. அடுத்த மாசம் இன்னொரு தடவை வா. ஏதாவது தின்னுட்டு வா."

தம்பி வேலியோரம் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நாலு சாத்து சாத்தியிருப்பேன். அடிக்கத்தான் அவன் உடம்பில் இடமே இல்லை. பெற்ற வயிறு கேட்குமா, அம்மா பையிலிருந்து ரொட்டியை எடுத்து நீட்டினாள். அவன் தொடவில்லை. அழுகையும் நிற்கவில்லை.

"டேய், அழுதது போதும்டா" என்றேன். "இருக்கிற எடையும் கண்ணீரா போயிடும். அப்புறம் அதுக்கும் சேர்த்து ஈயம் வைப்பாங்க."

சட்டென்று வாயை மூடிக்கொண்டு ரொட்டியைப் பிடுங்கினான்.